கவிதையைப் பிழைப்பாக்காத கவிஞர்: கே ரையன்

2008 ஜூலையில் அமெரிக்காவின் 16ஆவது அரசவைக் கவிஞராக கே ரையனை அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 62. முப்பது வருடங்களுக்கும் மேலாக அவர் பார்த்துவந்த வேலை, கலிஃபோர்னியாவில் ஒரு சமூகக் கல்லூரியில் பகுதிநேர ஆங்கில ஆசிரியர். இலக்கியம் நடத்தியவர் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சரியாகப் படியாமல் கல்லூரி வாசலுக்கு வந்து நிற்கிறவர்களுக்கு, ஒரு வாக்கியத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று சொல்லிக்கொடுத்தவர். கவிதை எழுதுவது எப்படி என்ற வகுப்பில் அவர் மாணவியாக உட்கார்ந்ததும் இல்லை, ஆசிரியராக நின்றதும் இல்லை.

அரசனே இல்லாத நாட்டில் எதற்கு அரசவைக் கவிஞர் என்று தோன்றலாம். 1937 முதல் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் 'கவிதை ஆலோசகர்' என்று ஒரு பதவி இருந்துவந்தது. 1985இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதற்கு இந்தப் பெரிய பட்டத்தைச் சேர்த்தது. அந்தப் பட்டத்தோடு 1986இல் முதலில் அமர்ந்தவர் ராபர்ட் பென் வாரன். ஆளைத் தேர்ந்தெடுப்பது நூலகத்தின் தலைவர். ரையன் நியமிக்கப்பட்டபோது சம்பளம் வருடத்துக்கு 35,000 டாலர். அதுவும் அரசுப் பணம் இல்லை, ஆர்ச்சர் ஹன்டிங்டன் என்ற செல்வந்தர் விட்டுச்சென்ற கொடையிலிருந்து வருவது. அதிபரைப் புகழ்ந்து எழுத வேண்டும், விழாவுக்குப் பாட்டுக் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

ரையனின் நியமனம் ஏன் பலருக்கு வியப்பாக இருந்தது என்று புரிய, அமெரிக்காவில் கவிஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1936இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பட்டறை ஒன்று தொடங்கியது. கதை, கவிதை எழுதுவதைப் பட்டப்படிப்பாகவே நடத்தலாம் என்று காட்டிய முதல் பெரிய இடம் அதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெருத்தபோது இந்த யோசனையும் கூடவே பரவியது. 1967இல் இத்தகைய துறைகளுக்கென்றே ஒரு சங்கம் உருவானது, சுருக்கமாக ஏ.டபிள்யூ.பி. என்பார்கள். இன்று படைப்பெழுத்தில் எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் பட்டம் தரும் துறைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இதனால் ஒரு பாதை தானாகவே உருவாகிவிட்டது. இளம் கவிஞர் எம்.எஃப்.ஏ. படிப்பார். அங்கே சொல்லித்தரும் மூத்த கவிஞரின் பரிந்துரையில் சிறுபத்திரிகைகளில் கவிதைகள் வரும். முதல் தொகுப்புக்கென்று நடக்கும் போட்டிகளுக்குக் கட்டணம் கட்டிக் கைப்பிரதியை அனுப்புவார். புத்தகம் வந்ததும் அதைக் காட்டி ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து கற்பிக்கும் வேலைக்குப் போவார். அப்புறம் அவரிடம் படிக்கும் பிள்ளைகள் அதே பாதையில் கிளம்புவார்கள். இதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கவிதைப் புத்தகம் விற்று யாரும் அரிசி வாங்க முடியாத நாட்டில் ஏராளமான கவிஞர்களுக்கு மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் இந்த ஏற்பாட்டால்தான் கிடைத்தன. ஆனால் இந்தப் பாதைக்கு வெளியே ஒரு கவிஞர் இருக்கிறார் என்றால், அவர் இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியவராது. ரையனுக்கு நடந்தது அதுதான்.

அவர் 1945 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில் பிறந்தார். வளர்ந்தது சான் ஹோக்கீன் பள்ளத்தாக்கிலும் மொஹாவி பாலைவனத்திலும் இருந்த சின்னச் சின்ன ஊர்களில். கலிஃபோர்னியா என்றால் நமக்குத் தோன்றும் கடற்கரையும் சினிமாவும் இந்த ஊர்களில் இல்லை. வெயில், புழுதி, எண்ணெய்க் கிணறுகள், வயல்கள் இவைதான். அப்பா எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலாளி. இடையிடையே கனிமம் கிடைக்குமா என்று தேடிப் போகிறவர். பெரிய கனவுகள் கண்டவர், எதுவும் கைகூடவில்லை. ரையனுக்கு 19 வயதாக இருக்கும்போது அப்பா இறந்துபோனார். அந்தச் சாவுக்குப் பிறகுதான் அவர் கவிதை எழுதிப் பார்க்கத் தொடங்கினார்.

லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலையும் முதுகலையும் படித்தார். அங்கே இருந்த மாணவர் கவிதை மன்றத்தில் சேர விண்ணப்பித்தபோது, ஒட்டாமல் தனியாக இருக்கும் ஆள் என்று சொல்லிச் சேர்க்கவில்லை. பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதிய எல்லாரும் இந்தச் சம்பவத்தைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். சுவையான சம்பவம்தான், ஆனால் இதை வைத்து அவரை விரட்டப்பட்டவராக்குவது சரியில்லை. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டு, இலக்கிய விமர்சனத்தில் டாக்டர் என்று பெயர் வாங்கி என்ன செய்வது என்று அவராகவே வெளியேறியவர். பின்னால் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கதவு சாத்தப்பட்ட இடங்களைவிட அவராகவே உள்ளே போகாத இடங்கள் அதிகம்.

1971இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, கோல்டன் கேட் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மரின் கவுன்டிக்குக் குடிபோனார். கென்ட்ஃபீல்டில் உள்ள மரின் கல்லூரியில் வேலை. சமூகக் கல்லூரிகள் என்பவை அமெரிக்காவில் இரண்டு வருடப் படிப்பு தரும் பொதுக் கல்லூரிகள். நுழைவுப் போட்டி கிடையாது, கட்டணம் குறைவு. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், பிள்ளை பெற்ற பிறகு படிக்க வருபவர்கள், வேறு நாட்டிலிருந்து வந்து ஆங்கிலம் கற்பவர்கள், பள்ளியில் கோட்டைவிட்டவர்கள் எல்லாரும் வருவார்கள். கல்வித்துறைப் படிநிலையில் அங்கே ஆசிரியராக இருப்பது கீழ்ப்படி. அடிப்படை ஆங்கிலம் நடத்துவது அதிலும் கீழே. ரையனுக்கு அது வசதியாகவே இருந்தது. பகுதிநேர வேலை என்பதால் காலைப்பொழுதுகள் கையில் மிஞ்சின. வகுப்பில் பேசுவது காற்புள்ளி, முற்றுப்புள்ளியைப் பற்றி. எனவே கவிதைக்கான சொற்கள் வகுப்பிலேயே செலவாகித் தீர்ந்துபோகவில்லை.

ஆனாலும் தான் கவிஞர்தானா என்பதில் அவருக்கே நீண்ட காலம் தயக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கவிதையில் ஓங்கியிருந்தது தன்வாழ்வை அப்படியே திறந்துவைக்கும் போக்கு. ராபர்ட் லோவெல், சில்வியா பிளாத், ஆன் செக்ஸ்டன் ஆகியோர் குடும்பச் சண்டை, மனநோய், தற்கொலை எண்ணம் என எல்லாவற்றையும் கவிதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கவிஞர் என்றால் தன் உள்ளே இருப்பதை எடுத்துக் காட்டியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ரையனுக்கு ஒத்துவரவில்லை.

1976இல், முப்பது வயதில், அமெரிக்காவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சைக்கிளில் கடந்தார். சுமார் 4,000 மைல், அதாவது 6,400 கிலோமீட்டர். கொலராடோவில் ராக்கி மலைத்தொடரில் ஹூசியர் கணவாய் என்று ஓர் இடம், ஏறக்குறைய 11,500 அடி உயரம். அங்கே மிதித்து ஏறிக்கொண்டிருந்தபோது மனம் எல்லைகள் கரைந்து விரிந்தது போல ஓர் அனுபவம் ஏற்பட்டது என்கிறார். அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டு தன்னைத்தானே கேட்டாராம், நான் எழுத்தாளராக வேண்டுமா என்று. பதில் ஒரு எதிர்க்கேள்வியாக வந்தது: உனக்கு அது பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தது. அவ்வளவுதான். இந்தக் கதையை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திறமை இருக்கிறதா, இடம் கிடைக்குமா, யார் படிப்பார்கள் என்ற எந்தக் கேள்விக்கும் அந்தப் பதிலில் இடம் இல்லை. அடுத்த இருபது வருடப் புறக்கணிப்பை அவர் தாங்கியதற்கு இந்த எளிய பதில் உதவியிருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

ஊர் திரும்பியதும் தினமும் எழுதப் பழக ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சீட்டுக்கட்டு: குறி பார்க்கப் பயன்படும் டாரட் அட்டைகள். குறியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. காலையில் ஒரு அட்டையைத் திருப்புவார். அதில் காதல் வந்தால் காதலைப் பற்றி, சாவு வந்தால் சாவைப் பற்றி அன்றைக்கு ஒரு கவிதை எழுத வேண்டும். தனக்கு நேர்ந்ததைப் பற்றி எழுதத் தயங்குகிறவருக்கு, தன்னிடமிருந்து வராத ஒரு தலைப்பு எவ்வளவு நிம்மதி! காதல், சாவு, அதிர்ஷ்டம் போன்ற பெரிய விஷயங்களைக் கூச்சமில்லாமல் தொட அட்டைதான் சாக்கு. பிறகு 'நம்பினால் நம்புங்கள்' வகையில் ரிப்ளி தொகுத்த விநோதச் செய்திகளிலிருந்தும் கவிதை எடுத்தார்.

இந்தப் பழக்கத்திலிருந்து உருவான கவிதை எப்படிப்பட்டது என்பதற்கு 1994இல் வந்த தொகுப்பில் உள்ள ஆமைக் கவிதையைப் பார்க்கலாம். வேறு வழி இருந்தால் யார்தான் ஆமையாக இருப்பார்கள் என்று தொடங்குகிறது அது. நான்கு துடுப்பு போட்ட தலைக்கவசம் போல இருக்கிறது. புல்லைத் தின்னத் துடுப்புப் போட்டுப் போகும்போதுகூட ஆபத்தை எதிர்கொண்டாக வேண்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு போவது மாதிரியான தடம். சின்ன மேடுகூட அதன் சின்ன ஆசையைத் தோற்கடித்துவிடும். தவறிப் பள்ளத்தில் மல்லாந்துவிட்டால் அதன் ஓடே அதைப் பரிமாறும் தட்டாகிவிடும். அதிர்ஷ்டம் எட்டாத உயரத்துக்குக் கீழே வாழ்கிற பிராணி. ஏதோ ஒரு பரிசுச்சீட்டு விழுந்து, முதுகில் சுமக்கும் மண்பாண்டச் சுமை சிறகாக மாறும் என்று அது கற்பனை செய்வதே இல்லை. கடைசியில், அதற்கு மிச்சம் இருக்கும் ஒரே லேசான விஷயம் பொறுமை என்று முடிக்கிறார்.

இருபது வரிக்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது. 'நான்' என்ற சொல் கிடையாது. ஆமையை நேரில் கண்டதாகவும் சொல்லவில்லை. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. முடித்த பிறகு இது யாருடைய வாழ்க்கை என்று யோசிக்க வைக்கிறது. பத்து வருடத்துக்கும் மேலாகக் கவிதை அனுப்பித் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்த ஒருவர் எழுதியது என்று தெரிந்தால் அந்தப் பரிசுச்சீட்டுக்கு இன்னொரு கனம் கூடுகிறது. ஆனால் அது தெரியாமல் படித்தாலும் கவிதைக்கு ஒன்றும் குறைவில்லை.

ஓசை விஷயத்தில் அவர் செய்திருப்பது நுட்பமானது. அவர் எழுத ஆரம்பித்த காலத்தில் அமெரிக்கக் கவிதையில் இயைபுத் தொடை பழம்பாணி, கேவலம் என்றே ஆகியிருந்தது. ஆனால் அவர் காதில் சொற்கள் தானாக ஒன்றோடொன்று ஒலித்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மணி அடிப்பது போல ஓசை வருவது அவருக்கும் பிடிக்கவில்லை. ஆகவே ஓசையை வரிக்குள் தவறான இடங்களில் ஒளித்துவைத்தார். ஒரு சொல்லின் முன்பாதி இன்னொரு சொல்லின் பின்பாதியோடு ஒலிக்கும். நான்கு வரி தள்ளி அதன் எதிரொலி வரும். ஆமைக் கவிதையில் லாட்டரி (பரிசுச்சீட்டு), பாட்டரி (மண்பாண்டம்) என்ற இரண்டு சொற்களும், டிட்ச் (பள்ளம்), டிஷ் (தட்டு) என்ற இரண்டும் இப்படி ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. மோனை, எதுகை, இயைபு என்று ஓசை வரும் இடத்தை வைத்துத் தொடைக்குப் பெயர் வைத்துப் பழகிய நமக்கு இது அவ்வளவு அந்நியம் இல்லை; ஆங்கிலத்தில்தான் இயைபு என்றால் பெரும்பாலும் வரியின் கடைசி என்று ஆகியிருந்தது.

தன் முறைக்கு அவர் மரபணு ஆய்விலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டார்: 'மறுசேர்க்கை இயைபு' (recombinant rhyme). இருட்டில் ஒளிரும் ஜெல்லி மீனின் மரபணுவைக் கொஞ்சம் வெட்டி முயலுக்குள் வைத்து, முயலைப் பச்சையாக ஒளிரவைத்தார்கள் அல்லவா? அதேபோல ஓசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கவிதை முழுக்கத் தூவினால் கவிதையும் லேசாக ஒளிரும் என்பது அவர் விளக்கம். வரி ஒன்றுக்கு ஐந்தாறு அசைக்கு மேல் போவது அரிது. அதனால் எந்தச் சொல்லும் வரியின் ஓரத்தில்தான் நிற்கிறது. ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அவரைப் பற்றி எழுதுபவர்கள் எமிலி டிக்கின்ஸனையும் மரியான் மூரையும் நினைவூட்டுவது வழக்கம். சுருக்கத்துக்கு டிக்கின்ஸன், பிராணிகளுக்கு மூர். ஒப்பீடு தவறில்லை, ஆனால் டிக்கின்ஸனிடம் இருக்கும் பரவசம் ரையனிடம் இல்லை. இவரிடம் இருப்பது வறண்ட நகைச்சுவை. பாலைவனத்தில் வளர்ந்தவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

சரி, புத்தகங்களின் கதைக்கு வருவோம். 1983இல் முதல் தொகுப்பு. நண்பர்கள் முன்பணம் தந்து உதவ, சொந்தமாக அச்சிட்டது. 1985இல் ரோட் தீவில் பிரௌன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய காப்பர் பீச் என்ற சின்னப் பதிப்பகம் இரண்டாவது தொகுப்பைப் போட்டது. யாரும் கவனிக்கவில்லை. அடுத்த தொகுப்பு வர ஒன்பது வருடம் ஆனது. 1994இல் வந்த அந்த மூன்றாவது புத்தகத்துக்குப் பிறகுதான் நிலைமை மெல்ல அசைந்தது. நியூ யார்க்கர் இதழ் கவிதைகளை வெளியிடத் தொடங்கியது. 1996இல் குரோவ் பதிப்பகம் அடுத்த தொகுப்பை ஏற்றுக்கொண்டது. சாமுவேல் பெக்கட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த பதிப்பகம் அது. அதன் பிறகு அவர் புத்தகங்கள் பெரும்பாலும் அங்கேதான். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது.

அப்போதும் விமர்சகர்கள் வாய் திறக்கவில்லை. டேனா ஜோயா என்ற கவிஞர், விமர்சகர், ஸ்காட்லாந்தில் இருந்து வெளிவரும் 'டார்க் ஹார்ஸ்' என்ற சிறுபத்திரிகையில் 1990களின் கடைசியில் ரையனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவரைப் பற்றி வந்த முதல் முழுமையான விமர்சனக் கட்டுரை அதுதான். எழுதியவர் யார் என்பது இங்கே முக்கியம். ஜோயா பல வருடம் உணவுப்பொருள் நிறுவனம் ஒன்றில் உயரதிகாரியாக இருந்தவர். கவிதை பல்கலைக்கழகத்துக்குள் முடங்கி, தனக்குத்தானே பேசிக்கொள்ளும் குழுவாகிவிட்டது என்று 1991இல் ஒரு கட்டுரை எழுதிப் பெரிய சர்ச்சையைக் கிளப்பியவர். பாதைக்கு வெளியே இருந்த ஒருவர்தான் பாதைக்கு வெளியே இருந்த இன்னொருவரைக் கண்டுபிடித்தார். பிறகு 2003இல் தேசியக் கலை நிதியத்தின் தலைவராக ஜோயா வாஷிங்டன் போனார். அந்தப் பதவிக்கும் அரசவைக் கவிஞர் தேர்வுக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் ரையனின் பெயர் வாஷிங்டனில் காதில் விழும் பெயராக மாறியதில் ஜோயாவுக்குப் பங்கு இருந்திருக்கும் என்று நினைப்பது பெரிய ஊகம் இல்லை.

அப்புறம் பணம் வந்தது. 2004இல் ரூத் லில்லி கவிதைப் பரிசு: ஒரு லட்சம் டாலர். இந்தப் பரிசின் பின்கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. ரூத் லில்லி ஒரு பெரிய மருந்துக் கம்பெனி குடும்பத்தின் வாரிசு. சிகாகோவில் 1912 முதல் வந்துகொண்டிருக்கும் 'பொயட்ரி' இதழுக்கு அவர் கவிதைகள் அனுப்பியிருக்கிறார். ஒன்றையும் அவர்கள் போடவில்லை. ஆனால் ஆசிரியர் மரியாதையாகக் கைப்பட மறுப்பு எழுதி அனுப்புவாராம். 2002இல் அந்த அம்மையார் அந்தச் சின்னப் பத்திரிகைக்குச் சுமார் பத்துக் கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை எழுதிவைத்தார். உலகத்திலேயே அதிகச் சொத்துள்ள கவிதைப் பத்திரிகையாக அது ஒரே நாளில் மாறியது.

பரிசு கிடைத்த அடுத்த வருடம் அதே 'பொயட்ரி' பத்திரிகை ரையனை ஒரு வேலைக்கு அனுப்பியது. 2005இல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் ஏ.டபிள்யூ.பி. மாநாடு. வாழ்நாள் முழுக்க இத்தகைய கூட்டங்களுக்குப் போகாமல் தப்பித்துவந்தவரை, போய்ப் பார்த்து எழுதுங்கள் என்று கேட்டார்கள். அவர் எழுதிய கட்டுரை வாய்விட்டுச் சிரிக்கவைக்கும். ஒரே நேரத்தில் பல அறைகளில் நடக்கும் குழு விவாதங்கள், கழுத்தில் அட்டை மாட்டிய ஆயிரக்கணக்கான எழுத்தாளர்கள், வலைப்பின்னலுக்குள் புகுந்துவிட வேண்டும் என்ற தவிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அவர் ஏளனம் செய்கிறார் என்று மட்டும் படித்தால் தவறவிடுவோம். அந்தக் கூட்டத்தில் இருப்பது தனக்கும் பிடித்துப்போய்விடுமோ என்ற பயம் கட்டுரை முழுக்க ஓடுகிறது. எழுதும் ஆள் தனியாக இருக்க வேண்டும், சக எழுத்தாளர்களின் தோழமைகூட எழுத்தைக் கெடுத்துவிடலாம் என்பது அவரது நிலைப்பாடு. இதை எல்லாருக்கும் விதியாக்கினால் ஒத்துக்கொள்ள முடியாது. கூட்டமாக இருந்தே நன்றாக எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

அவருமே முற்றிலும் தனியாக இருக்கவில்லை. 1978இலிருந்து கேரல் அடேர் அவரது வாழ்க்கைத் துணை. அவரும் மரின் கல்லூரியில் ஆசிரியர். முப்பது வருடம் ரையனின் கவிதைகளுக்குப் பக்கத்திலேயே இருந்த வாசகர் அவர்தான். 2004இல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநகராட்சி தன்பாலினத் திருமணங்களைப் பதிவு செய்யத் தொடங்கியதும் இருவரும் போய் மணம் செய்துகொண்டார்கள். சில மாதத்தில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணங்கள் செல்லாது என்றது. 2008இல் சட்டம் மாறியதும் மறுபடி மணந்தார்கள். தன் கவிதையில் தனிவாழ்க்கையை ஏறக்குறைய எங்கேயுமே காட்டாத கவிஞர், வெளியே அதை மறைக்கவும் இல்லை.

அரசவைக் கவிஞராக அறிவிக்கப்பட்டபோதே அடேர் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். 2009 ஜனவரியில் இறந்தார். பதவியின் பெரும்பகுதியை ரையன் அந்தத் துக்கத்தோடுதான் கழித்தார். இரண்டாவது வருடத்தில் அவர் எடுத்துக்கொண்ட திட்டம் சமூகக் கல்லூரிகளைப் பற்றியது: அந்தக் கல்லூரிகளில் படிப்பவர்களின் கவிதைகளுக்கு ஒரு போட்டி, 2010 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் சமூகக் கல்லூரிகளில் கவிதை நாள், அவரே பல கல்லூரிகளுக்குப் போய்ப் பேசுவது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகக் கல்லூரிகள் இருந்தும், இலக்கிய உலகத்தின் கண்ணில் அவை படுவதே இல்லை. வந்த புகழையெல்லாம் தான் வேலை பார்த்த இடத்தின் மீது திருப்பிவிட்டார் என்று சொல்லலாம்.

ரையனைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், நிறுவனங்கள் எதுவும் இல்லாமல் தனித்து நின்று ஜெயித்தவர் என்று கதையை முடிக்கும்போது எனக்கு ஒட்டாமல் போவது இந்த இடத்தில்தான். அவர் நிறுவனத்துக்கு வெளியே வாழவில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு கல்லூரி முப்பது வருடம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. பதிலுக்குக் கவிதை கேட்கவில்லை. வருடத்துக்கு ஒரு புத்தகம் போட்டால்தான் வேலை நிலைக்கும் என்று நெருக்கவில்லை. எம்.எஃப்.ஏ. துறையில் இருக்கும் கவிஞருக்குக் கிடைக்காத சலுகை இது. அங்கே கவிதை எழுதாமல் இருந்தால் வேலையே கேள்விக்குறி. ரையன் பத்து வருடம் யாரும் கேட்காத கவிதையை எழுதித் திருத்திக்கொண்டிருக்க முடிந்தது, சோற்றுக்கு வேறு வழி இருந்ததால். கூடவே ஒரு துணையும் ஒரு சம்பளமும் வீட்டில் இருந்தன. இவை இல்லாத எத்தனை பேர் 1985 தொகுப்போடு நின்றுபோயிருப்பார்கள்? 'திறமை இருந்தால் எப்படியும் வெளியே வரும்' என்பதற்கு அவரைச் சாட்சியாக அழைக்க முடியாது. ஜோயா அந்தப் புத்தகங்களை எடுத்துப் படிக்காமல் இருந்திருந்தால் கதை வேறு.

2010இல் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகளின் தொகுப்புக்கு 2011இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே வருடம் மெக்ஆர்தர் நல்கை: ஐந்து லட்சம் டாலர். 2012ஆம் ஆண்டுக்கான தேசிய மானுடப்புலப் பதக்கத்தை (National Humanities Medal) அதிபர் ஒபாமா அணிவித்தார். நியூ யார்க்கின் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிசாலையில், பறவைகள் எப்படிப் பாடுகின்றன என்ற அவரது கவிதை நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. விருதுகளில் இதுதான் அவருக்கு மிகவும் பொருத்தமானது என்பேன். பிள்ளைகளோடு மிருகம் பார்க்க வருகிறவர்கள், கவிதை படிக்கிறோம் என்ற பயமே இல்லாமல் படித்துவிட்டுப் போவார்கள்.

எதிர்வாதங்களும் உண்டு. ஒரே அளவு, ஒரே உத்தி. பத்துக் கவிதை தொடர்ந்து படித்தால் அடுத்தது எங்கே திரும்பும் என்று ஊகித்துவிடலாம். சில கவிதைகள் பொன்மொழியாகச் சுருங்கி, டப்பா மூடுவதுபோல 'டக்'கென்று மூடிக்கொள்கின்றன. வரலாறும் அரசியலும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. முதல் இரண்டும் நியாயமான குறைகள். ஒரே மூச்சில் படிக்க வேண்டிய கவிஞர் அல்ல அவர். மூன்றாவதை நான் முழுக்க ஏற்கவில்லை. 2005 தொகுப்பின் தலைப்புக் கவிதையில் சிலர் நயாகரா ஆற்றின் மேல், அது ஏதோ தரை என்பதுபோல, மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கரையில் காட்சிகள் மாறுவதைச் சுவரில் படங்களை மாற்றுவதுபோல அமைதியாகக் கவனிக்கிறார்கள். இது நயாகரா என்பது தெரியும், தெரியும். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் நினைவில் நிற்பதில்லை என்கிறார்கள். அருவி என்ற சொல் கவிதையில் எங்கேயும் வரவில்லை. பருவநிலை மாற்றம் குறித்துக் கொள்கை முழக்கமாக வந்த பல கவிதைகளைவிட இது அதிக தூரம் போகிறது.

துக்கத்தையும் அவர் இதே அளவில்தான் எழுதினார். அதே தொகுப்பில் ஒரு பெண்ணின் மறைவைப் பற்றிய கவிதை ஒன்று இருக்கிறது. ஒரு வாழ்க்கை ஆழமான தடங்களை விட்டுப்போக வேண்டும் என்று ஆசைப்படுகிறது அது. தபால் எடுக்கப் போய்வந்த வழியில் பள்ளம் விழுந்திருக்க வேண்டும், கழுவுதொட்டி முன்னால் நின்ற இடம் தேய்ந்திருக்க வேண்டும். இவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டியதில்லை எல்லாம் என்கிறது. அடேரின் மறைவுக்குப் பிறகு 2015இல் வந்த தொகுப்பில் இந்தக் குரல் இன்னும் சுருங்குகிறது. சில கவிதைகள் பத்து வரிகூட இல்லை. நகைச்சுவை அப்படியே இருக்கிறது, ஆனால் பேச்சு இப்போது ஒரு காலி நாற்காலியின் பக்கம் திரும்பியிருப்பது தெரிகிறது.

2020இல் அவரது உரைநடைகளின் தொகுப்பு வந்தது. குறிப்பேடு வைத்துக்கொள்வதால் எழுத்தாளருக்கு என்ன ஆபத்து என்று அதில் ஒரு கட்டுரை இருக்கிறது. தோன்றியதையெல்லாம் குறித்துவைப்பது ஞாபகத்தின் இயல்பான மறதியைக் கெடுக்கிறது. மறந்து, கரைந்து, வேறு உருவில் திரும்பி வருவதுதான் கவிதைக்கு உதவும் என்கிறார். எழுத்துப் பட்டறைகளில் முதல் நாளே குறிப்பேடு வாங்கச் சொல்கிறவர்கள் இதை என்ன செய்வார்களோ!

புதிதாகப் படிக்கப்போகிறவர்கள் 2010 தொகுப்பையே எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு புத்தகங்களைத் தேட வேண்டியதில்லை. 1994க்குப் பிந்தைய கவிதைகளில் தொடங்கி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போகாமல், வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் அந்த ஓசைத் துண்டுகள் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.